கிங்கின் சுயசரிதையை எழுதியது யார்?

#1 வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். ஒரு சின்னச் சந்தேகம். போன வாரம் பழைய புத்தகக் கடையில் மார்ட்டின் லூதர் கிங்கின் சுயசரிதை கண்ணில் பட்டது. ஆங்கிலப் பதிப்பு. நூற்றைம்பது ரூபாய் சொன்னார், பேரம் பேசாமல் வாங்கிவிட்டேன். நூறு பக்கம் தாண்டிய பிறகுதான் உள்பக்கத்தைப் பார்த்தேன். முதல் பதிப்பு 1998 என்று போட்டிருக்கிறது. கிங்கை மெம்பிஸில் சுட்டது 1968 ஏப்ரல் 4. முப்பது வருடம் கழித்து ஒருவர் எப்படித் தன் கதையைச் சொல்வார்? பதிப்பாசிரியர் கிளேபோர்ன் கார்சன் என்று இருக்கிறது. யார் இவர்? நான் பிறந்தேன், நான் சிறைக்குப் போனேன் என்று இன்னொருவர் எழுதிக் கொடுப்பது சரியா? நான் ஏமாந்துவிட்டேனா?

#2 நூலகப்பூனை

ஏமாறவில்லை. வாக்கியங்கள் கிங்குடையவைதான். அவர் எழுதிய புத்தகங்கள், கட்டுரைகள், கடிதங்கள், பேட்டிகள், பிரசங்க ஒலிப்பதிவுகள் என்று எல்லாவற்றையும் துழாவி, தன்னைப் பற்றி அவர் பேசிய இடங்களை மட்டும் எடுத்துக் கால வரிசையில் கோத்திருக்கிறார் கார்சன். எந்த அத்தியாயத்துக்கு எது மூலம் என்று கடைசியில் குறிப்பு இருக்கும், புரட்டிப் பாருங்கள். கார்சன் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். 1985 முதல் 2020 வரை கிங்கின் ஆவணங்களைத் தொகுக்கும் திட்டத்தின் தலைவர். அந்த வேலையின் கிளைதான் உங்கள் கையில் இருக்கும் புத்தகம்.

#3 எதிர்க்கட்சி

மூலக் குறிப்பு போட்டுவிட்டால் சரியாகிவிடுமா பூனை? பூவெல்லாம் கிங்குடையது, நார் கார்சனுடையது. மாலை யாருடையது? 1956-இல் இருபத்தேழு வயதுப் பையன் சொன்னதும், 1967-இல் ஓய்ந்துபோன ஒரு மனிதர் சொன்னதும் ஒரே குரலில் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. படிப்பவனுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? இதைச் சுயசரிதை என்று விற்றதுதான் எனக்கு உறுத்தல். ‘கிங் தன்னைப் பற்றிச் சொன்னவை’ என்று பெயர் வைத்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

இன்னொன்று. அலபாமாவின் மான்ட்கோமரியில் கருப்பினத்தவர் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு பற்றி 1958-இல் கிங் பெயரில் வந்த புத்தகத்திலேயே ஸ்டான்லி லெவிசன், பேயார்ட் ரஸ்டின் போன்ற நண்பர்களின் கை உண்டு. அப்படியென்றால் நாம் படிப்பது யாருடைய குரல்?

#4 பாதிராத்திரி

எதிர்க்கட்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் வைகைக்கரையின் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுகிறேன். கார்சன் யார் என்பதைவிட, அவரைப் போய் ஏன் கூப்பிட்டார்கள் என்பதுதான் சுவாரஸ்யம். ஏனென்றால் அவர் கிங் ஆள் இல்லை. ஸ்னிக் ஆள்.

ஸ்னிக் என்பது மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அப்படித்தான் உச்சரிப்பார்கள். 1960 பிப்ரவரியில் கிரீன்ஸ்பரோவில் நான்கு கல்லூரிப் பையன்கள் வெள்ளையர் மட்டும் உட்காரும் சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்தார்களே, அந்த அலையில் ஏப்ரலில் பிறந்த அமைப்பு. கூட்டியவர் எல்லா பேக்கர் என்ற அம்மையார். மேலிருந்து ஒரு தலைவர் வந்து வழிநடத்துவதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஊர்க்காரர்களே தங்களில் தலைவர்களைக் கண்டெடுக்க வேண்டும் என்பார். ஸ்னிக் பிள்ளைகள் மிசிசிப்பியின் உள்கிராமங்களில் போய்த் தங்கி, அடி வாங்கி, ஒவ்வொரு வாக்காளராகப் பதிவு செய்ய முயன்றார்கள். கிங் விமானத்தில் வந்து இறங்குவார், கேமராக்கள் வரும், கிங் போவார், கேமராக்களும் போகும், நாங்கள் இங்கேயே கிடப்போம் என்ற கடுப்பு அவர்களுக்கு உண்டு. முதுகுக்குப் பின்னால் கிங்கை ‘ஆண்டவர்’ என்று கேலி செய்தார்கள்.

இனி கார்சன். 1944-இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் பிறந்தார். வளர்ந்தது நியூ மெக்சிகோவின் லாஸ் அலமோஸில், ஆமாம், அணுகுண்டு செய்த அதே ஊர். கருப்பினக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஊர். தெற்கில் நடக்கும் போராட்டத்தைச் செய்தித்தாளில் படித்து ஏங்கிய பையன். 1963 ஆகஸ்டில் இந்தியானாவில் ஒரு மாணவர் மாநாட்டுக்குப் போனபோது ஸ்னிக்கின் ஸ்டோக்லி கார்மைக்கேலைச் சந்திக்கிறார். அந்த மாதம் வாஷிங்டனில் நடக்கவிருந்த உரிமைப் பேரணியில் கார்மைக்கேலுக்குப் பெரிய மரியாதை இல்லை. களத்துக்கு வா என்பதுதான் அவர் பேச்சு. ஆனாலும் பத்தொன்பது வயதுக் கார்சன் பேரணிக்குப் போனார். அந்தக் கூட்டத்தில் ஒருவராக நின்றுதான் கிங்கின் கனவுப் பேச்சைக் கேட்டார்.

அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ். யு.சி.எல்.ஏ.வில் படிப்பு, அங்கேயே கம்ப்யூட்டர் புரோகிராமர் வேலை, ஒரு மாற்றுப் பத்திரிகைக்குக் கட்டுரைகள், போராட்டங்கள். 1974-இல் ஸ்டான்ஃபோர்டில் ஆசிரியர். 1975-இல் முனைவர் பட்டம். ஆய்வுப் பொருள் ஸ்னிக். அது 1981-இல் ‘இன் ஸ்ட்ரகிள்’ என்ற புத்தகமாக வந்து, அமெரிக்க வரலாற்றாளர் அமைப்பின் டர்னர் பரிசு வாங்கியது. ஸ்னிக் எப்படிக் கூடியது, எப்படித் தன்னையே கேள்வி கேட்டுக்கொண்டது, எப்படி உடைந்தது என்று மூன்று பகுதி. அதில் நாயகன் என்று யாரையாவது சொல்வதானால் பாப் மோசஸ். நியூயார்க்கில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். மிசிசிப்பிக்குப் போய், தன்னைத் தலைவர் என்று யாரும் அழைக்காமல் பார்த்துக்கொண்டவர்.

இப்படிப்பட்ட ஒரு மனிதருக்கு 1985-இல் கொரெட்டா ஸ்காட் கிங்கிடமிருந்து தொலைபேசி வருகிறது. என் கணவரின் ஆவணங்களைப் பதிப்பித்துத் தர முடியுமா என்று. கார்சன் தயங்கினார். தான் கிங்கை ஆராய்ந்தவன் அல்ல என்றார். அந்த அம்மா விடவில்லை. அப்போது அவருக்கு நாற்பதோ நாற்பத்தொன்றோ. அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருடம் அதே வேலை.

#5 மொட்டைமாடி

அதாவது, மாமியாரைப் பிடிக்காத மருமகள் கையில் மாமியாரின் நகைப்பெட்டிச் சாவி 😄

#6 பாதிராத்திரி

@மொட்டைமாடி சிரித்துவிட்டேன். ஆனால் பிடிக்காதவர் என்று சொல்ல முடியாது. கிங் பெரிய மனிதர்தான், ஆனால் இயக்கத்தை அவர் உண்டாக்கவில்லை, இயக்கம்தான் அவரை உண்டாக்கியது, கிங் பிறக்காமலே போயிருந்தாலும் அந்தப் போராட்டம் நடந்திருக்கும் என்பது கார்சனின் நிலை. ஸ்டான்ஃபோர்டில் அந்தத் திட்டத்தை நடத்தும் கிங் நிறுவனத்தின் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே இதை எழுதினார், மேடைகளிலும் சொன்னார்.

#7 கடலை_மிட்டாய்

இந்த ‘கிங் இல்லாவிட்டாலும்’ வாதம் எனக்குக் கொஞ்சம் ஓவராகத் தெரிகிறது. அவ்வளவு பெரிய பேச்சாளர் இல்லாமல் எப்படி? சும்மா அறிவுஜீவி வீம்பு.

#8 நூலகப்பூனை

மான்ட்கோமரியையே எடுத்துக்கொள்ளுங்கள் மிட்டாய். 1955 டிசம்பர் 1, வியாழன் மாலை, பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்ததற்காக ரோசா பார்க்ஸ் கைது. அன்று ராத்திரியே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, மகளிர் அரசியல் கழகத்தின் தலைவி, இரண்டு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போய் விடிய விடிய சைக்ளோஸ்டைல் எடுக்கிறார். திங்கட்கிழமை யாரும் பேருந்தில் ஏறாதீர்கள் என்று பல்லாயிரக்கணக்கான துண்டறிக்கைகள். வெள்ளிக்கிழமை அவை ஊர் முழுக்கப் பரவிவிட்டன. திங்கட்கிழமை காலை பேருந்துகள் காலியாக ஓடின. கிங்கைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது அந்தத் திங்கட்கிழமை மதியம்தான்! வயது 26. ஊருக்கு வந்து அதிக நாள் ஆகாததால் யாருடனும் பகை இல்லை, அதுவும் ஒரு காரணம்.

ஆகவே கார்சன் சொல்வது வீம்பு இல்லை, தேதி வரிசை. ஆனால் அன்று சாயங்காலம் ஹோல்ட் ஸ்ட்ரீட் தேவாலயத்தில், தயாரிக்க நேரமே இல்லாமல் கிங் பேசிய பேச்சும் கார்சனின் ஆவணத் தொகுப்பின் மூன்றாம் தொகுதியில் இருக்கிறது. அதைப் படித்தால் நீங்கள் சொல்வதும் புரியும். புறக்கணிப்பு நடந்திருக்கும். 381 நாள் நீடித்திருக்குமா? அது எனக்கும் தெரியாது.

#9 எதிர்க்கட்சி

சரி, கார்சன் நேர்மையானவர் என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஆய்வேட்டு விவகாரத்தை யாராவது சொல்லுங்கள். அங்கேதான் சாயம் வெளுக்கும்.

#10 அடிக்குறிப்பு

நான் எழுதுகிறேன், எனக்கு இதில் சொந்த அனுபவமும் உண்டு.

கிங் 1955-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். பால் டில்லிக், ஹென்றி நெல்சன் வீமன் என்ற இரண்டு இறையியலாளர்களின் கடவுள் கருத்தை ஒப்பிடும் ஆய்வு. பதிப்புத் திட்டம் என்றால் என்ன செய்வார்கள்? ஒவ்வொரு மேற்கோளுக்கும் மூலத்தைத் தேடிப் பிடித்து ஒத்துப் பார்ப்பார்கள். திட்டத்தில் வேலை செய்த இளைஞர்கள் அப்படிப் பார்த்துக்கொண்டே போனபோது, மேற்கோள் குறி இல்லாத இடங்களிலும் மூலம் கிடைக்க ஆரம்பித்தது. டில்லிக்கின் வரிகள். அப்புறம், அதே பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் முன்பு ஜாக் பூசர் என்பவர் டில்லிக் பற்றிச் செய்த ஆய்வேட்டின் வரிகள். பத்தி பத்தியாக.

நினைத்துப் பாருங்கள். உங்களை நியமித்தது கிங்கின் மனைவி. பிறந்தநாள் தேசிய விடுமுறையாகி நாலைந்து வருடம்தான் ஆகிறது. கிங்கை வெறுப்பவர்கள் காத்துக் கிடக்கிறார்கள். உங்கள் மேசையில் இது.

திட்டத்துக்குள் இது சில காலமாகவே தெரிந்திருந்தது. 1990 நவம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் செய்தி வெளியிட்டபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. கார்சன் மறுக்கவில்லை. ஆனால் ‘திருட்டு’ என்ற பொருள் வரும் சொல்லைத் தவிர்த்து, ‘பிறர் வரிகளை எடுத்தாண்டது’ என்பது போன்ற மழுப்பலான சொல்லைத்தான் திட்டம் முதலில் பயன்படுத்தியது. எதிர்க்கட்சி இதைத்தான் சொல்ல வருகிறார் என்று நினைக்கிறேன். 1991-இல் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு விசாரித்து, திருட்டு நடந்தது உண்மை, ஆனால் பட்டத்தைப் பறிப்பதில் பயனில்லை என்று முடிவு செய்தது. நூலகத்தில் இருக்கும் பிரதியோடு ஒரு கடிதம் இணைத்தார்கள்.

1994-இல் வந்த இரண்டாம் தொகுதியைப் பாருங்கள். ஆய்வேடு முழுசாக அச்சாகியிருக்கிறது. கிங் எங்கிருந்து எடுத்தார் என்பதும் அடிக்குறிப்பில், மூல வரிகளோடு. சொல்லில் மழுப்பினார், அச்சில் மழுப்பவில்லை. என் கணக்கில் இரண்டாவதுதான் எடை அதிகம்.

சொந்த அனுபவம்: என் முனைவர் ஆய்வின் இரண்டு அத்தியாயங்கள் வேறொருவர் பெயரில் கருத்தரங்கக் கட்டுரையாக வந்தன. புகார் கொடுத்தேன். “பெரிய மனிதர், விடும்மா” என்றார்கள். ஒரு அடிக்குறிப்புகூடக் கிடைக்கவில்லை. அதனால் எனக்கு இந்த இரண்டாம் தொகுதி மேல் ஒரு தனிப் பாசம்.

#11 எதிர்க்கட்சி

அடிக்குறிப்பு, உங்களுக்கு நடந்ததைப் படிக்க வருத்தமாக இருந்தது. அச்சில் மழுப்பவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் தாமதித்ததை ஒத்துக்கொள்ள முடியாது. பத்திரிகை எழுதிய பிறகு உண்மை சொல்வதற்கும், முன்னாலேயே சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு.

#12 பாதிராத்திரி

அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஒன்று மட்டும். அரைகுறையாகச் சரிபார்த்து முந்திச் சொல்லியிருந்தால் அதை வைத்து என்னென்ன பண்ணியிருப்பார்கள் என்ற பயமும் நியாயமானதே. அந்த அறையில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

#13 கடலை_மிட்டாய்

தொகுப்பு மொத்தம் எத்தனை தொகுதி? முடிந்துவிட்டதா? வாங்கலாமா என்று கேட்கிறேன்.

#14 நூலகப்பூனை

திட்டமிட்டது 14. முதல் தொகுதி 1992. ஏழாவது 2014. அந்த ஏழாவது முடிவது 1962 ஆகஸ்டில். அதாவது அதற்குப் பிறகு நடந்த பர்மிங்ஹாம் போராட்டம் வரவில்லை, வாஷிங்டன் பேரணி வரவில்லை, செல்மா ஊர்வலம், வியட்நாம் போர் எதிர்ப்பு, மெம்பிஸ் எதுவும் வரவில்லை. கார்சன் 2020-இல் ஓய்வு பெற்றார். 2022 முதல் லெரோன் மார்ட்டின் என்பவர் தலைவர். கார்சன் நேரில் நின்று கேட்ட பேச்சு, அவர் பதிப்பித்த தொகுதிகளில் இல்லை!

விலையைப் பார்த்தால் மயக்கம் வரும். நிறைய ஆவணங்கள் ஸ்டான்ஃபோர்டின் கிங் நிறுவனத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அங்கே ஆரம்பியுங்கள்.

#15 மொட்டைமாடி

இருபத்திரண்டு வருடத்தில் ஏழு தொகுதியா? எங்கள் தெருச் சாக்கடை வேலையே பரவாயில்லை போல.

#16 நூலகப்பூனை

ஒரு ஆவண அறையில் பத்து வருடம் குப்பை கொட்டியவள் என்ற முறையில் சொல்கிறேன், இது வேகம்தான். கிங்கின் ஆவணங்கள் ஒரே இடத்தில் இருந்தவை இல்லை. 1964-இல் கிங்கே ஒரு பகுதியைப் பாஸ்டன் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார். அதைத் திருப்பித் தரச் சொல்லி கொரெட்டா 1987-இல் வழக்குப் போட்டுத் தோற்றார். ஒரு பகுதி அட்லாண்டாவில் கிங் மையத்தில். மீதி, அவர் கடிதம் எழுதிய ஆட்களின் வீடுகளில், தேவாலயங்களில், எஃப்.பி.ஐ. கோப்புகளில். ஒருபுறம் வழக்காடும் குடும்பம், மறுபுறம் வழக்காடும் பல்கலைக்கழகம், நடுவில் இரண்டு பேரிடமும் சிரித்துப் பேசி ஜெராக்ஸ் வாங்க வேண்டிய பதிப்பாசிரியர்.

இதில் எனக்குப் பிடித்த கதை நிலவறைப் பெட்டி. திட்டம் ஆரம்பித்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, 1997-இல், அட்லாண்டா வீட்டின் நிலவறையில் இருக்கும் பெட்டிகளைப் பார்க்கலாம் என்று கொரெட்டா அனுமதி கொடுக்கிறார். உள்ளே கிங்கின் பிரசங்கக் கோப்புகள். கையால் எழுதிய குறிப்புகள், வார்த்தை வார்த்தையாக அடித்துத் திருத்திய தாள்கள். அத்தனை வருடமும் அவை அங்கேதான் இருந்திருக்கின்றன. போட்டிருந்த வரிசையை நிறுத்திவைத்து அந்தப் பிரசங்கங்களுக்கென்றே ஆறாம் தொகுதி போட்டார்கள், 2007-இல். கிங் முதலில் ஒரு போதகர், அப்புறம்தான் மற்றதெல்லாம் என்பது அந்தத் தொகுதியைப் புரட்டினால்தான் உறைக்கும்.

கார்சனின் மனைவி சூசன் நூலகர், திட்டத்தின் நிர்வாக ஆசிரியராகவும் இருந்தவர். இந்த மாதிரி வேலைகளில் இப்படி ஒருவர் எப்போதும் இருப்பார், யாரும் பெயர் சொல்ல மாட்டார்கள். நான் சொல்லிவிட்டேன்.

#17 தெற்குமுனை

தாமதமாக வருகிறேன். ஐந்தாம் தொகுதியில் நமக்கு வேண்டிய சங்கதி இருப்பதை யாரும் சொல்லவில்லையே. 1959 பிப்ரவரி, மார்ச்சில் கிங்கும் கொரெட்டாவும் ஒரு மாதம் இந்தியாவில் சுற்றினார்கள். காந்திகிராமத்துக்கும் வந்தார்கள், எங்கள் கன்னியாகுமரிக்கும் வந்தார்கள். பாறையில் உட்கார்ந்து மேற்கே சூரியன் இறங்குவதையும், இருட்டப் போகிற நேரத்தில் கிழக்கே நிலா எழுவதையும் பார்த்ததை ஊருக்குத் திரும்பியதும் பிரசங்கத்தில் சொன்னார். சித்ரா பௌர்ணமிக்கு இதைப் பார்க்க எங்கள் ஊரில் கூட்டம் அலைமோதும். கிங்கும் பார்த்திருக்கிறார் என்று தெரிந்தபோது ஏனோ பெருமையாக இருந்தது.

கூட வந்தவர் லாரன்ஸ் ரெடிக். அவரும் வரலாற்றுப் பேராசிரியர், அதே 1959-இல் கிங்கின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டவர். மறுவருடம் அலபாமா ஆளுநர் உத்தரவில் அவரைக் கல்லூரி வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள். இயக்கத்தின் வரலாற்றாளர் என்றால் அந்தக் காலத்தில் அதுதான் சம்பளம்.

#18 அடிக்குறிப்பு

திருவனந்தபுரம் கதையும் உண்டே. ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ‘நம்மைப் போன்ற தீண்டப்படாதவர்’ என்று அறிமுகப்படுத்த, முதலில் சுருக்கென்று இருந்தது, யோசித்தபோது ஆமாம், நானும் தீண்டப்படாதவன்தான் என்று பட்டது என்கிறார் கிங். சொன்னது 1965 ஜூலை 4 பிரசங்கத்தில், ஆறு வருடம் கழித்து.

@எதிர்க்கட்சி உங்கள் பூ, நார் விஷயத்துக்கு இதுவே நல்ல உதாரணம். சுயசரிதையில் இந்தியப் பயணம் வரும் அத்தியாயத்தில் 1959-இல் எழுதியதும் 1965-இல் நினைவுகூர்ந்ததும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒரே மூச்சில் சொன்னது போலத்தான் தோன்றும். ஆவணத் தொகுதியில் அப்படி ஆகாது, ஒவ்வொரு தாளுக்கும் தேதி உண்டு. ஒரே மனிதர் இரண்டு வேலையும் செய்திருக்கிறார், ஒன்று ஊருக்கு, ஒன்று நம்மைப் போன்ற நச்சரிப்பவர்களுக்கு.

#19 எதிர்க்கட்சி

நச்சரிப்பவர்கள்! ஏற்றுக்கொள்கிறேன் 🙏 ஆனால் என் வழக்கை வாபஸ் வாங்கவில்லை. கிங்கின் பேச்சுகளுக்குக் காப்புரிமை வைத்துக் காசு கேட்கும் குடும்ப அறக்கட்டளையின் அனுமதியோடு வந்த சுயசரிதை அது. சி.பி.எஸ். தொலைக்காட்சிமீதே வழக்குப் போட்டவர்கள். மேல்முறையீட்டில் 1999-இல் தீர்ப்பும் அவர்கள் பக்கம் வந்தது. அந்த நிழலில் உட்கார்ந்து ஒரு வரலாற்றாளர் எவ்வளவு தூரம் சுதந்திரமாக இருக்க முடியும் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

#20 பாதிராத்திரி

இருக்கிறது. அதனால்தான் ஒருவரை மட்டும் படிக்கக் கூடாது. எஃப்.பி.ஐ. கோப்புகளைத் தோண்டிய டேவிட் கேரோ, மூன்று பெரும் தொகுதி எழுதிய டெய்லர் பிராஞ்ச் இரண்டு பேரும் குடும்பத்தின் ஆட்கள் இல்லை, இருவரும் புலிட்சர் வாங்கியவர்கள். ஆனால் மிசிசிப்பியின் ஏதோ ஒரு மண் சாலையில் பெயர் தெரியாத ஒரு பெண் வாக்காளர் பதிவுக்குப் போன காலையைப் பற்றிப் படிக்க வேண்டுமென்றால் நான் 1981-ஆம் வருடத்துக் கார்சனிடம்தான் போவேன். கிங் கார்சனை விழுங்கிவிட்டார் என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அந்த முப்பத்தைந்து வருடத்தில் ஸ்னிக் பற்றி அவர் இன்னும் இரண்டு புத்தகம் எழுதியிருக்கலாம்.

#21 வைகைக்கரை

நான் ஒரு சந்தேகம் கேட்டேன், நீங்கள் ஒரு படிப்பே நடத்திவிட்டீர்கள். நேற்று ராத்திரி கடைசிப் பக்கங்களின் மூலக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, பென்சிலால் ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் எந்த வருடம் சொன்னது என்று எழுத ஆரம்பித்தேன். சில அத்தியாயங்களில் நாலைந்து வருடம் கலந்து கிடக்கிறது. எதிர்க்கட்சி அண்ணே, உங்கள் உறுத்தல் இப்போது எனக்கும் ஒட்டிக்கொண்டது.

பாதிராத்திரி சொன்ன அந்த ஸ்னிக் புத்தகம் மதுரையில் எங்கும் இல்லை. யாரிடமாவது இருந்தால் இரவல் தருவீர்களா? கூரியர் செலவு இரண்டு பக்கமும் என்னுடையது.

#22 பாதிராத்திரி

என்னிடம் இருக்கிறது. முதுகு பிய்ந்துபோய் டேப் ஒட்டியிருப்பேன், பாப் மோசஸ் வரும் பக்கங்களில் கோடும் போட்டிருப்பேன். பரவாயில்லை என்றால் தனிமடலில் முகவரி அனுப்புங்கள். நீங்கள் முடித்ததும் எதிர்க்கட்சிக்கு அனுப்பிவிடுங்கள்.

#23 எதிர்க்கட்சி

எனக்கு முதலில்!